துரை சாப்பிட்டான் என்று நான் சொன்னது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பா நலம், உன் முயல் துரையும் இன்று காலை நிலவரப்படி நலம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்க வேண்டும். போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன செவ்வாய்க்கிழமை துரைக்கு ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், அதற்கு முன்னால் அவன் பண்ணிய அழிச்சாட்டியம் முழுசாகத் தெரியாது. சோபாவின் நாலு மூலையிலும் மூத்திரம் பீய்ச்சி எல்லை போட்டான், நான் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் போடுவான். அப்பாவின் இடது செருப்போடு குடும்பமே நடத்த ஆரம்பித்துவிட்டான், அப்பா அதைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினால் வாசல் வரை துரத்திப்போய்க் கணுக்காலைக் கடித்தான். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா தன் பெண் முயலைக் கூண்டோடு தூக்கி உள்ளறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். காயடிப்பது என்ற வார்த்தையை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு அப்பா ஒரு வாரம் அந்த ஆபரேஷன், அந்த ஆபரேஷன் என்றே பேசிக்கொண்டிருந்தார், கடைசியில் நான்தான் கால்நடை டாக்டரம்மாவிடம் போய் நாள் வாங்கினேன்.

இனிமேல்தான் என் கதை. முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான், ஆபரேஷனுக்கு முன்னால் ஒருவர் வாயிலும் பச்சைத் தண்ணீர் இறங்க விட்டதில்லை, தலையணை உறைக்குள் பிஸ்கட் ஒளித்து வைத்தவர்களையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் முன்கூட்டியே ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். எனக்கே சொல்லித் தருகிறார்களா என்று நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூண்டிலிருந்து புல், தீவனம், தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று ஒரு அட்டையில் எழுதிக் கூண்டுக் கதவில் தொங்கவிட்டேன். இந்த வீட்டில் என்னைத் தவிர அட்டையைப் படிக்கத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான், எனவே அது யாருக்கு என்று உனக்குப் புரியும். மறுநாள் டாக்டரம்மா, உன் வயசுதான் இருக்கும், கடைசியா எப்போ சாப்பிட்டான் என்று கேட்டார். நேத்து ஏழு மணியிலேருந்து வயிறு சுத்தமா காலி டாக்டர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. அய்யோ, மயக்கத்துல வாந்தி எடுக்கும்னுதான் மனுஷங்களுக்குப் பட்டினி, முயலுக்கு வாந்தியே வராதும்மா, அதை எதுக்குப் பட்டினி போட்டீங்க, அதோட குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னுட்டா உயிருக்கே ஆபத்து, தாள் குடுத்தோமே படிக்கலையா என்றார். இன்னைக்கு வேண்டாம், வேற நாள் வெச்சுக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு பிடி புல் குடுத்துட்டேன் டாக்டர், தண்ணியும் வெச்சேன், பாவமா பாத்தான், இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார், நல்ல வேலை செஞ்சீங்க சார் என்று சொல்லித் துரையின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் புல் தின்ன வைத்து, பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷனை முடித்தார். என் உத்தரவை மீறியதற்காக ஒருவரை டாக்டர் பாராட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா இன்னும் அந்த மிதப்பிலேயே திரிகிறார்.

நாலு மணிக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கூண்டில் கிடந்த மரத்தூள் தையலில் ஒட்டும் என்று அதை வாரிக் கொட்டிவிட்டுப் பழைய துண்டுகளை விரித்தேன். அப்பா லிஃப்ட் ரிப்பேர் பார்த்த கை அல்லவா, கூண்டுக்குள் இருந்த மேல்தட்டைக் கழற்றி, ஏறிக் குதிக்க வழியில்லாமல் பண்ணிவிட்டார். புல் வைத்தேன், கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை எல்லாம் கழுவி ஈரத்தை உதறி மூக்குக்கு எதிரில் வைத்தேன். துரை திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான், வலி இருந்தால் முயல் அப்படித்தான் கடிக்குமாம். வாழைப்பழம் என்றால் கூண்டையே பெயர்ப்பவன், அப்பா நீட்டிய துண்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆறு மணிக்கு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். வலி மருந்தை முதல்ல குடுங்க, அரை மணி கழிச்சு நான் குடுத்த தீவனப் பொடியைத் தண்ணியில கரைச்சு சிரிஞ்சுல ஊட்டுங்க, காலைக்குள்ள புழுக்கை போடலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க என்றார்.

அப்படி ஊட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் நீ கூப்பிட்டாய். அவன் துண்டில் சுற்றி என் மடியில் கிடக்கிறான், அப்பா சிரிஞ்சைப் பிடித்திருக்கிறார், ஊட்டியதில் பாதி மோவாயில் வழிகிறது. துரை சாப்பிட்டானாம்மா என்று கேட்டாய். சாப்பிட்டான், நல்லா மென்னுக்கிட்டிருக்கான் என்று சொன்னேன். அதுதான் நான் உன்னிடம் சொன்ன பொய். அவன் ஒரு புல்லைக்கூடத் தொடவில்லை. நான் போட்ட பட்டினியால்தான் இவன் குடல் நின்றுவிட்டது, உன்னுடைய முயலை நானே கொன்றுவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாததா என்ற திமிர், வேறொன்றும் இல்லை. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சிரிஞ்சை நிரப்பினார்.

அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டினோம். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் புரையேறிவிடும், பக்கவாட்டில் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், அவன் விழுங்கினானா என்று பார்த்துவிட்டு அடுத்தது. வார்டில் செய்வது போலக் கோடு போட்டு சார்ட் எழுதினேன், நேரம், ஊட்டியது, துப்பியது, புழுக்கை. புழுக்கைக் கட்டத்தில் வரிசையாகச் சுழியம். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவனை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நான் அவசரமாகப் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா, ஏய் இங்க வா, ஆறு இருக்கு, ஆறு என்று கத்தினார். நம்பாமல் போய்க் குனிந்து நானே எண்ணினேன். மிளகு அளவுதான், ஆனால் ஆறு. வாயில் நுரையோடு தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனாகவே ஒரு கொத்தமல்லித் தண்டை இழுத்து மென்றான்.

இப்போது புழுக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது, கவலைப்படாதே. புல் எந்நேரமும் அவன் உடம்பளவு குவிந்திருக்கிறது. ஆபரேஷன் ஆனவன் சீக்கிரம் ஊதிவிடுவான் என்பதால் கடைத் தீவனம் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன்தான், கேரட் எப்போதாவது கட்டைவிரல் நகம் அளவு, அதுவும் என் நகம், அப்பா நகம் என்றால் கணக்கு வேறு மாதிரி போகும். தையலைக் காலையும் மாலையும் பார்க்கிறேன், வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. தையல்கார அக்கா வந்து, அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, ரெண்டையும் ஒண்ணா விளையாட விடலாமே என்றார். ஆறு வாரம் ஆகட்டும் அக்கா என்று சொல்லிவிட்டேன். கருத்தடை செய்துகொண்ட ஆண்களுக்கும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லித்தான் அனுப்புவோம், கேட்காமல் போய் அடுத்த வருஷம் பிரசவ வார்டு வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளையும் எடுத்துப் படித்தேன். முதல் வரியே பட்டினி போடாதீர்கள் என்பதுதான். அப்பா அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், நான் கிழிக்கவில்லை.

இன்னும் ஒன்று. அன்று நான் துரை சாப்பிட்டான் என்று சொன்னவுடன், நீ சாப்பிட்டியா என்று உன்னைக் கேட்டேன். சாப்பிட்டேன்மா, இப்பதான் நல்லா சாப்பிட்டேன் என்றாய். போனை வைத்த பிறகு அது காதிலேயே நின்றது. நான் பொய் சொன்னபோது என் குரல் எப்படி அவசரமாக ஓடியதோ அப்படியே உன் குரலும் ஓடியது. நீ அங்கே வேலைக்குப் போன இந்த எட்டு மாதமாக நீ சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன், இப்போது நம்ப முடியவில்லை. வேலை ஒத்துவரவில்லையா, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லையா, எதுவாக இருந்தாலும் சொல், நான் திட்ட மாட்டேன். துரை என்றால் மடியில் போட்டு ஊட்டிவிடலாம். அவ்வளவு தூரத்துக்கு என் கை எட்டாதே.

அப்பாவும் நானும் உன்னை மனசார வாழ்த்துகிறோம், நோய் நொடி அண்டாமல் நல்லபடியாக இரு. பதில் எழுதும்போது மற்றதெல்லாம் அப்புறம், முதல் வரியில் இன்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு என்று எழுது. ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா