நிறுத்தம் எங்கே என்று கணக்குப் போட்ட அண்ணிக்கு

என் ருக்மணி அண்ணிக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தவரை எழுதத் தேவை வரவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கம்பெனிக்கு ஒன்றாகப் போய்வந்தவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

நம் ஓசூர் கம்பெனியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தேன், ‘அவர்’ என்று உங்களை எழுத வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அவர்களும் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். புதிதாக வந்த பெண்களுக்கு எதுவும் தெரியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். ராகிக் களி கட்டி தட்டாமல் கிண்டப் பழகிவிட்டார். முதல் மாதம் கிண்டியதை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போயிற்று, இப்போது நானே இரண்டாவது உருண்டை கேட்டு வாங்குகிறேன். உங்கள் மகள் கவிதா ஒன்பதாவது போகிறாள். உங்களைப் போலவே நகத்தைக் கடித்துக்கொண்டுதான் படிக்கிறாள்.

நாம் இரண்டு பேரும் தபாலில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? நீங்கள் எனக்கு அண்ணி என்றாலும் வயதில் ஆறு மாதம்தான் மூத்தவர். பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு படிப்போம். பொருளாதாரம் என்றால் கதை மாதிரி படித்துவிடலாம் என்று நம்பித்தான் இரண்டு பேரும் சேர்ந்தோம். இரண்டாவது பார்சலில் ‘பொருளியலுக்கான கணிதம்’ வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்துவிட்டு நீங்கள் அதைத் திரும்ப உறைக்குள் போட்டு மூடினீர்கள்.

“இது யாருக்கோ போக வேண்டியது, மாறி வந்துடுச்சு” என்றீர்கள்.

நான் பன்னிரண்டாவதில் கணக்கு எடுத்தவள். அந்தத் திமிரில் உங்களுக்கு நானே சொல்லித் தருகிறேன் என்று கிளம்பினேன். நீங்கள் பாகலூர் பக்கம் கன்னடப் பள்ளியில் பத்தாவதோடு நிறுத்தி, பன்னிரண்டாவதைப் பிறகு தனியாக எழுதித் தேறியவர். எதையாவது எண்ண வேண்டுமென்றால் வாய்க்குள் ‘ஒந்து, எரடு, மூரு’ என்றுதான் ஓடும். நான் சொல்லித் தந்த லட்சணம் இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எது குறைந்தபட்சம் என்று கண்டுபிடிக்க டிஃபரன்ஷியேட் செய்து வகைக்கெழு எடுக்க வேண்டும், அதைப் பூஜ்யத்துக்குச் சமமாகப் போட வேண்டும், அவ்வளவுதான் என்பேன்.

“எதுக்குப் பூஜ்யத்துக்குச் சமமாப் போடணும்?” என்று கேட்டீர்கள்.

“அப்படித்தான் போடணும், அண்ணி.”

“அதான், எதுக்கு?”

எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக, எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது.

அந்த மாதத்தில்தான் கம்பெனி பஸ் விடப்போகிறது என்ற பேச்சு வந்தது. புதுப் பெண்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்கு நம் ரோட்டில் இருந்து சுவிட்ச் அசெம்பிளிக்கு வந்தவர்கள் பதினேழு பெண்கள். ரோட்டின் ஒரு முனையில் தோட்டத்து வீடுகள் இருக்கும் நம் கொட்டாய், அங்கே மூன்று பேர்: நீங்கள், நான், பக்கத்து வீட்டு மாதம்மா. அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் சின்னேரி, அங்கே ஒன்பது பேர். இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் மல்லப்பள்ளி, அங்கே ஐந்து பேர். காலை ஆறு மணி ஷிப்டுக்கு டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. லாரியை நிறுத்தி ஏறிப் போன நாள்கூட உண்டு.

கம்பெனி ஆபீசர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். “இந்த அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டாப்தாம்மா தர முடியும். ஆறு மணிக்குள்ள பஸ் கேட்டுக்குள்ள வந்துடணும். சரியா நடுவுல வெச்சிடறேன். யாருக்கும் குறை இருக்காது.”

நல்ல மனிதர்தான் அவர். எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்தோம். அன்று மத்தியானம் முறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று நீங்கள் கேட்டீர்கள்.

“நடுவுலன்னா ரோட்டுக்கு நடுவுலயா, ஆளுங்களுக்கு நடுவுலயா?”

பாயின் ஓரத்தில் மூன்று கடலை வைத்தீர்கள். நாலு சாண் தள்ளி ஒன்பது. இன்னும் ஒரு சாண் தள்ளி ஐந்து. நடுவில் உங்கள் விரலை வைத்தீர்கள். அதுதான் பஸ் நிறுத்தம்.

“இங்க பாரு, சுமதி. ஸ்டாப்ப ஒரு கிலோமீட்டர் அந்தப் பக்கம் தள்ளுனா நம்ம மூணு பேருக்கு ஒரு கிலோமீட்டர் கூடுது. அவங்க பதினாலு பேருக்கும் ஒரு கிலோமீட்டர் குறையுது. தள்ளலாமா?”

“தள்ளலாம்.”

விரல் சின்னேரிக்கு வந்தது. “இதுக்கு மேல தள்ளுனா?”

“மல்லப்பள்ளி அஞ்சு பேருக்குக் குறையும். பன்னெண்டு பேருக்குக் கூடும்.”

“அப்ப இங்கயே நிக்கட்டும்.”

நான் நோட்டை எடுத்து முறையாகப் போட்டேன். பதினேழு பேரும் நடக்கும் தூரத்தைக் கூட்டினால், ரோட்டுக்கு நடுவில் நிறுத்தம் வைத்தால் முப்பத்து மூன்றரை கிலோமீட்டர். சின்னேரியில் வைத்தால் பதினேழுதான், ஏறக்குறைய பாதி! ஆனால் எனக்கு ஒரே குழப்பம். வகைக்கெழு எங்கேயுமே பூஜ்யம் ஆகவில்லை. மொத்தத் தூரம் சின்னேரி வரை குறைந்துகொண்டே வந்து, தாண்டியதும் சட்டென்று கூட ஆரம்பித்தது.

“ஃபார்முலா ஒத்து வரல, அண்ணி. கணக்கு தப்பு.”

“பூஜ்யம் ஆகலைன்னா போவுது. இறங்கிக்கினே வந்தது இங்க ஏற ஆரம்பிக்குதா, இல்லையா? அப்ப பள்ளம் இங்கதான்.”

பிறகு பாடப்புத்தகத்தை எடுத்து ‘இறுதிநிலை’ என்று போட்டிருந்த பக்கத்தைத் திருப்பினீர்கள். இன்னும் ஒன்று கூட்டினால் என்ன ஆகும் என்று கேட்பதுதானா இது, இதற்கா நான் இவ்வளவு பயந்தேன் என்று சிரித்தீர்கள். நான் பன்னிரண்டாவதில் கணக்கில் எழுபது சதவீதம் வாங்கியவள். அன்றைக்கு உங்கள் கடலைக்காயைப் பார்த்துத்தான் எனக்கும் அது விளங்கியது.

விளங்கியதும் இன்னொன்றும் உறைத்தது. நடுவில் என்றால் நமக்கு இரண்டரை கிலோமீட்டர். சின்னேரி என்றால் நாலு.

“நாமளா கேட்டோம்? அவரே நடுவுல வெக்கிறாரு. பேசாம விட்டுடுங்க” என்றேன்.

நீங்கள் என் நோட்டில் அந்தத் தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டீர்கள். மூன்றாம் நாள் கேன்டீனில் எல்லோருக்கும் முன்னால் காகிதத்தை விரித்துச் சொல்லிவிட்டீர்கள். சின்னேரிக்காரர்கள் கை தட்டினார்கள். ஆபீசரும் பார்த்துவிட்டு, “கரெக்ட்மா, நான் யோசிக்கவே இல்ல” என்று நிறுத்தத்தை மாற்றினார். வீட்டுக்கு வந்ததும் நான் சாமானையெல்லாம் சத்தம் வரும்படி வைத்தேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“தெரியாம இருந்தா நிம்மதியா ரெண்டரை கிலோமீட்டர் நடந்திருப்பேன், சுமதி. தெரிஞ்சுபோச்சே. இனிமே அவங்க பதினாலு பேரு முகத்த எப்படிப் பார்க்கறது?”

எனக்கு அதற்கு மேல் பேச வாயில்லை. ஆனால் மாதம்மாவுக்கு இருந்தது. அவள் குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால் அது விழிப்பதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

“உன் காலு, நீ குடுத்துட்ட. என் கால யாரக் கேட்டுக் குடுத்த?”

அந்த ஒரு கேள்வி உங்களை அப்படியே உட்கார வைத்துவிட்டது. பஸ் ஓடத் தொடங்கியது. மழைக்காலம் வேறு. மூன்று பேரும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில் நடந்தோம். மாதம்மா இருபது அடி முன்னால் போவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள். மார்பில் பால் கட்டி வலிக்கிறது என்று அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடப்பது நமக்குத் தெரியும். நீங்கள் அதையே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நேரடி வகுப்பு. கணித வகுப்பு முடிந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நீங்கள் மட்டும் வெளியே போகாமல் நின்று கேட்டீர்கள். அதுவரை நீங்கள் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை.

“சார், எல்லாருது கூட்டுத்தொகையும் கம்மியாச்சுன்னா அதான் சரியான விடையா?”

அந்தச் சாருக்கு நம் வயதுதான் இருக்கும். விஷயத்தைக் கேட்டார். போர்டில் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“கணக்கு சரிம்மா. ஆனா எதைக் குறைக்கணும்னு கணக்கு சொல்லாது. மொத்தத்தக் குறைக்கணும்னா இங்க. ரொம்ப தூரம் நடக்கிறவங்களோட தூரத்தக் குறைக்கணும்னா, உங்க ஆபீசர் சொன்ன அதே நடு இடம். எது வேணும்னு மனுஷங்கதான் முடிவு பண்ணணும். அப்புறந்தான் கணக்கு.”

திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டியதுகூட உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். ஓசூர் நெருங்கும்போது, “நான் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கேன்” என்றீர்கள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சின்னேரிப் பெண்கள் உட்காரும் மேஜைக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன், என்ன செய்யப் போகிறீர்களோ என்ற பயத்தில். நீங்கள் எதையும் மறைக்கவில்லை. இரண்டு விடை இருக்கிறது என்றீர்கள். மாதம்மாவின் குழந்தையைச் சொன்னீர்கள். மறுபடியும் நடுவில் மாற்றினால் உங்களுக்கெல்லாம் ஒன்றரை கிலோமீட்டர் ஆகும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள்.

யாருக்குத்தான் கிடைத்ததை விட மனம் வரும்? கடைசியில் சின்னேரி யசோதா டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டாள்.

“அதிருக்கட்டும். ஒரே ஸ்டாப்தான்னு யாரு சொன்னது?”

“ஆபீசர்தான்.”

“பஸ்ஸு அவங்க கொட்டாய் வழியாத்தானே வருது? நின்னா ரெண்டு நிமிஷம். எங்கூர்ல தெனமும் எவளாவது தல சீவிக்கினு ஓடி வர்றா, அவளுக்காக நாலு நிமிஷம் நிக்குது. நாங்க முன்னாடியே வந்து நிக்கறோம். அந்த நேரத்த அங்க குடு.”

நானும் நீங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு கணக்குப் போட்டோமே, நமக்கு அது தோன்றவே இல்லையே, அண்ணி! கொடுத்த கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு விடை தேடினோம். எட்டாவது படித்த யசோதா கணக்கையே மாற்றி எழுதினாள்.

ஒன்பது பேரும் மல்லப்பள்ளிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். “ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்போம். ஒரு நாள் லேட்டானாலும் கட்” என்றார். அந்த மாதம் முழுக்கச் சின்னேரியில் ஒருத்திகூட ஓடி வரவில்லை. எல்லோரும் வரிசையாக ரோட்டில் நின்றார்கள். பஸ் ஒரு நாளும் தாமதமாகவில்லை.

நம் கொட்டாய் முன்னால் பஸ் முதல் தடவை நின்ற காலையில் மாதம்மாதான் முதலில் ஏறினாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் ஏறியதும் கொஞ்சம் நகர்ந்து, ஜன்னல் பக்கத்தை உங்களுக்கு விட்டாள். ஓசூர் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் கம்பெனி வாசலில் இறங்கும்போது அவள் பை உங்கள் கையில் இருந்தது.

அந்தக் கணிதப் பரீட்சையில் எனக்கு ஐம்பத்திரண்டு, உங்களுக்கு எழுபத்தொன்று. மார்க் தாளை அண்ணன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதும், நீங்கள் வெட்கப்பட்டு அதைக் கழற்றியதும், அவர் மறுபடி மாட்டியதும் தனிக் கதை. அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

அதன் பிறகும் நீங்கள் அதே அசெம்பிளி லைனில்தான் வேலை செய்தீர்கள். பட்டம் வாங்கியவர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. போன வருஷம் மாசியில் நெஞ்சு வலி வந்து இரண்டே நாளில் போய்விட்டீர்கள். இப்போதும் உங்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது சில நாள் அழுகை வரும். பல நாள் வருவதில்லை. உங்களோடு இத்தனை வருஷம் இருந்தேனே என்ற நிறைவுதான் வருகிறது. இது தப்பா, அண்ணி? நீங்கள் தப்பு என்று சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு சேதி. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் இருந்து அறுபது பெண்கள் புதிதாகச் சேருகிறார்கள். அவர்களுக்குப் பஸ் வழி போடும் கமிட்டியில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். புது ஆபீசர் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரும் ஆள் எண்ணிக்கையும் கொடுத்தால் அரை மணியில் விடை வந்துவிடும் என்கிறார். வரட்டும். நன்றாகவே வரும்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ரோடுகளில் எல்லாம் கடைசி வீடு எது என்று விசாரித்து, அங்கே இருந்து புறப்படும் பெண்ணோடு ஒரு காலை நானும் நடப்பேன். அவள் கையில் என்ன சுமக்கிறாள், யாரைத் தூங்க வைத்துவிட்டு வருகிறாள் என்று கேட்பேன். அவளுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு, அதற்கு அப்புறம்தான் தாளில் கோடு போடுவேன்.

என்றும் உங்கள் நாத்தனார்,
சுமதி