உன் வீட்டுக்காரர் படித்துக் காட்டிய பக்கம்

என் தோழிக்கு,

நேற்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி கண்டக்டர் நீட்டிய காகிதக் கட்டு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. அறை முழுக்க மைவாசனை. முன்பெல்லாம் அந்த வாசனை வந்தால் உடனே உனக்குப் போன் போடுவேன். இப்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

நீ சிதம்பரத்தில் இங்கிலீஷ் டீச்சர், நான் கடலூரில். பள்ளி விட்டு வந்ததும் சிதம்பரம் அச்சகம் ஒன்றுக்குப் பிழை பார்ப்போம். எழுதியவரின் மூலப் பிரதி உன்னிடம், பஸ்ஸில் வரும் அச்சுத்தாள் என்னிடம். கமா, புள்ளி உள்பட ஒவ்வொன்றாகப் போனில் படிப்பாய். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே பக்கத்து வீட்டம்மாள் நம்பினாள். "கண்ணு ஏமாத்தும்டி, காத நம்பு" என்பாய்.

நீ கண்ணை மூடிய பிறகு தனியாகத்தான் பார்க்கிறேன். மூலத்தை அச்சகத்தார் செல்லில் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நேற்று வந்தது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கான மருந்து அளவுப் புத்தகம். ஆராய்ச்சிக் கட்டுரையில் தப்பு விட்டால் பெயர்தான் கெடும். இதில் விட்டால் பிள்ளை போய்விடும். மூன்று தரம் பார்த்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் 'அச்சடிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனவள் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அச்சகத்தார் பழக்கதோஷத்தில் மூலப் பிரதியை உங்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். "இத என்னம்மா பண்றது?" என்றார். படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தனக்கு இங்கிலீஷ் தடுமாறும் என்று தயங்கியவர், எழுத்துக்கூட்டி ஆரம்பித்தார்.

கைக்குழந்தைக்கான வரியில் ஒரு மில்லி என்றார். என் தாளில் ஐந்து. திரும்பப் படிக்கச் சொன்னேன். ஒன்றுதான். அடுத்த வரியில் பெரிய பிள்ளைக்கு ஐந்து, என்னிடம் ஒன்று. இரண்டு அளவும் இடம் மாறிக் கிடந்தன. மூன்று தரம் பார்த்த லட்சணம்! இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

நல்லவேளை என்று மூச்சு விடுவதற்குள், "போன மாசம் வந்த கட்டு ஒண்ணும் பிரிக்காம கெடக்குதும்மா. அதையும் படிக்கணுமா?" என்றார்.

அது அதே ஆஸ்பத்திரியின் சலைன் ஏற்றும் அளவு அட்டவணை. நான் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. அச்சாகி, இப்போது வார்டுச் சுவரில் தொங்குகிறது.

நீ ஐசியுவில் கிடந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லையடி. மானம் போனால் போகட்டும் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, அட்டவணையை உடனே கழற்றச் சொன்னேன். என்ன தப்பு என்று கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். அப்படியென்றாலும் கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

அதன் பிறகு உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பிரிங்கண்ணா" என்றேன்.

பாதி முடிந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதுவரை தப்பில்லை. மீதியை இன்று சாயங்காலம் படிக்கிறேன் என்றிருக்கிறார். அதற்காகத்தான் அட்டவணையை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக இந்தப் பயத்தில் பாதியை நீ சுமந்திருக்கிறாய். அது எனக்குத் தெரியவே இல்லை. இப்போது முழுசும் என்னிடம்தான் இருக்கிறது.