முத்துப்பாண்டி இன்னும் கண் திறக்கவில்லை

விருதுநகர்
9.11.2006

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது. பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனதுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நேற்று போன் பண்ணிவிட்டு, சொல்ல வந்ததை விட்டு அங்கே வெங்காயம் என்ன விலை என்று கேட்டு வைத்தேனே, அந்தக் கோட்டித்தனத்தை மன்னித்துவிடு. பூத்தில் பின்னால் நாலு பேர் நின்றார்கள், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி அடைத்திருப்பதால் ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் கிரிக்கெட் வைத்தார்கள். உன் தம்பி பாலகுரு போட்ட பந்து எகிறி, பக்கத்துத் தெரு கருப்பம்மாள் மகன் முத்துப்பாண்டி நெஞ்சில் பட்டது. ரெண்டு எட்டு நடந்தான், அப்படியே விழுந்தான். வலிப்பு என்று நினைத்து, இரும்பைக் குடுங்கப்பா என்று கத்தி, என் சைக்கிள் சாவியையே அவன் கையில் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்த மேதை நான்தான். கம்பெனியில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது கடைசி வரிசையில் தூங்கியவன் வேறென்ன செய்வான். தூங்காமல் கேட்ட போர்மேன் செல்லச்சாமி ஓடிவந்து, சாவியைக் கீழ போடுய்யா, மூச்சே இல்ல என்று என்னைத் தள்ளிவிட்டு நெஞ்சை அமுக்கினார், வேனில் ஏறியும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்த பிறகுதான் துடிப்பு திரும்பியது. இப்போது மதுரையில் நாலு நாளாகக் கண் திறக்காமல் கிடக்கிறான். அவன் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லையாம், ரெண்டு துடிப்புக்கு இடையில் கண்ணிமைக்கும் நேரத்தில் அடி விழுந்தால் நல்ல இதயமும் நின்றுவிடுமாம், யார் மேலும் குற்றமில்லை என்கிறார் டாக்டர்.

இதைப் பாலகுருவிடம் எப்படிச் சொன்னாலும் ஏறவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான். கருப்பம்மாளே அவன் கையைப் பிடித்து, ஏலே ஏன்லே ஒளிஞ்சு திரியுற, உள்ள வந்து அவனைக் கூப்பிடு, உன் சத்தம் கேட்டா முழிப்பான் என்றாள். இவன் ஆஸ்பத்திரி வராண்டாவைத் தாண்டவில்லை. நானும் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன், போன வேலை மறந்து திரும்புகிறேன், காலையில் பல் தேய்த்தேனா என்று உன் அம்மாவிடம் கேட்டேன், முறைத்தாள். நீ சொன்னால் அவன் கேட்பான் தாயி. பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் பண்ணி அவனைக் கூப்பிடச் சொல், பந்தைப் பற்றிப் பேசாதே, சாப்பிட்டியா என்று மட்டும் கேள். மாப்பிள்ளையும் விளையாடப் போகிறாராமே, நெஞ்சுக்கு ஏதாவது கட்டிக்கொள்ளச் சொல், மாமனாருக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

இருக்கன்குடி மாரியாத்தா உங்கள் ரெண்டு பேரையும் காப்பாற்றட்டும். தம்பிக்குப் போன் பண்ண மறக்காதே.

உன் அப்பா
கோட்டைச்சாமி

கடுதாசியை மடித்து ஒட்டுகிற ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அந்தப் பந்துக்கு முன்னால் கோட்டுக்கு வெளியே நின்று, ஏலே பாலகுரு, நெஞ்சுக்கு எகிறுற மாதிரிப் போடுலே என்று கத்தினது நான். அவன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் ஓடிவந்தான். இன்றுவரை அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.