வெள்ளத்தில் மேயும் வெள்ளாடு

என் ஆசை அண்ணனுக்கு,

மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாற்றங்கால் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. உன் மகள் குழலியோ என்னைக் கரையில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். நீ அவிழ்த்துவிட்டுப் போன ஆட்டைத்தான் தேடுகிறோம்.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்த வினை. வெள்ளாடு என்றால் வெள்ளத்தில் இருக்கும் ஆடுதானே என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ கூசாமல் ஆமாம் என்றாய். முன்பாதி ஆடு, பின்பாதி விரால் மீன். ஆற்றுத் தண்ணீரோடு வரும், வயலில் களையை மட்டும் மேயும், நெல்லைத் தொடாது. கோடையில் சேற்றுக்குள் புதைந்து தூங்கும், கொம்பு நுனி மட்டும் வெளியே தெரியும். மழை வந்தால் ஆட்டுப் புத்தி தலைதூக்கி, நனையக்கூடாதென்று கரையேறி ஓடும். எங்கிருந்துதான் பிடித்தாயோ இதையெல்லாம்.

நீ கண்மூடியபிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. உன்னைப் பற்றியும் பேசவில்லை. ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்தாள். அண்ணிக்கும் எனக்கும் அதுதான் பயம்.

இன்றுதான் வாய் திறந்தாள். அது குட்டி போடுமா, முட்டை இடுமா? நீ சொல்லாமல் போய்விட்டாயே, நான் எங்கே போவேன்? விரால் முட்டையிடும், குஞ்சுகள் சிவப்பாய்க் கூட்டமாய் மேலே வரும், அடியில் அப்பா மீன் காவல் நிற்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த அப்பாவ யாராச்சும் புடிச்சிட்டாங்கன்னா?"

பொய் சொல்ல உனக்கிருந்த சாமர்த்தியம் எனக்கேது? கண் கலங்கிவிட்டது. அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

"அதுங்களுக்கும் சித்தப்பா இருக்கும்ல?"

இருக்கும் என்றேன். அதற்கு நீந்தத் தெரியுமா என்றாள். சுமாராய்த் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவேயில்லை. தாடி நனைந்தால் சளி பிடிக்குமா? புழுக்கை போட்டால் மிதக்குமா? தண்ணீருக்குள் கத்தினால் கேட்குமா?

குட்டியா, முட்டையா? இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை. உனக்காவது தெரியுமா, இல்லை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாயா? எப்படியானாலும் சரி. இனி அவள் எதைக் கேட்டாலும் தெரியாது என்று எழுந்துபோக மாட்டேன், அண்ணா.

உன் தம்பி,
குழலிக்குச் சித்தப்பா