வந்தகினு அல்ல, வந்துகினு

அம்மாவுக்கு ஜெசிந்தாவின் வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தோஹாவில் நான் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறேன்.

காலேஜில் நான் வாய் திறந்தாலே நம் ஆரணிப் பேச்சைக் கிண்டல் செய்து "வந்துகினு, போய்கினு" என்று கத்தி வகுப்பையே சிரிக்க வைத்த பிரசன்னாவை நினைவிருக்கிறதா? அவனால்தான் பேச்சுப் போட்டியையே விட்டேன். இப்போது அவன் எம்.சி. உறுமி என்ற பெரிய ராப் பாடகன். புது ஆல்பத்தின் பெயர் 'வந்தகினு'. மண்ணின் குரல் என்று எல்லோரும் புகழ்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இங்கே பாட வந்தான். கேள்வி கேட்கலாம் என்றார்கள். மைக்கை வாங்கினேன்.

"எங்க ஆரணியில 'வந்தகினு'ன்னு சொன்னா சிரிப்பாங்க. எங்கே, சரியா சொல்லுங்க."

"அது ஃப்ளோவுக்காக, மேடம்..."

"பேஜார் பண்ணாம ஜல்தி சொல்லுங்க, பிரசன்னா. காலேஜ்ல என்னைப் பாத்து சரியாதான் சொல்லிகினு இருந்தீங்க!"

அரங்கமே சிரித்தது. என்னை அடையாளம் கண்டு அவன் முகம் சுண்டியது. "வந்துகினு" என்றான்.

"கேக்கலீங்க."

மறுபடியும் சொன்னான். இன்னும் இனிக்கிறது, அம்மா. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்தான், ஆனால் செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபம் வரவில்லையே.

சண்டை எதுவும் இல்லை, பயப்படாதே. ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியைக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டுதான் போனேன். இங்கே நம் ஊர்ப் பேச்சு பேச எனக்கு ஆளில்லை, நாக்குக்கே மறந்துவருகிறது. நீயும் போனில் டிவிக்காரி மாதிரி பேசுகிறாய். இனிமேல் நம் பேச்சிலேயே என்னைத் திட்டு. டிசம்பரில் அவன் மறுபடியும் வருகிறானாம்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது.

உன் ஜெசிந்தா