சட்டைப் பை எந்தப் பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

பட்டறையில் இப்போது மூன்று வேலை. விராலிமலை ஓட்டலுக்கு ஒரே அச்சில் பன்னிரண்டு மயில். ஆலங்குடி முந்திரிக் கடை வாசலுக்கு ஆள் உயரத்தில் ஒரு முந்திரிப் பழம். அப்புறம் கீரனூர் உடையப்பனின் மார்பளவுச் சிலை. அவர் இறந்து முதல் வருஷத் திதி மார்ச் இரண்டு. அன்றைக்கு அவர் தோட்டத்திலேயே சிலையைத் திறக்கிறார்கள். மூன்றையும் முடித்துவிடுவேன். முடிக்காமல் என்ன?

பிப்ரவரி 6

உடையப்பனின் மனைவி அமுதவல்லி அம்மா களிமண் உருவத்தைப் பார்க்க வந்தார். வீட்டார் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நான் அச்சு எடுப்பது வழக்கம். அச்சைப் பிரிக்கும்போது களிமண் சிதைந்துவிடும். அதன் பிறகு மூக்கைத் திருத்து, மீசையைக் குறை என்றால் நடக்காது.

அந்தம்மா நின்று நின்று பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு தாயி. ஆனா யாரோ மாதிரி இருக்காரு."

என்ன குறை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மகன் அனுப்பிய போட்டோவை வைத்து அளந்து அளந்து செய்த முகம். ஒரு நூல் பிசகவில்லை!

பிப்ரவரி 7

சிங்கப்பூரில் இருக்கும் மகன் சரவணக்குமாருக்கு வீடியோ காலில் காட்டினேன். "அப்பாவேதான்க்கா. அம்மா எதையும் சட்டுனு ஒத்துக்க மாட்டாங்க. நீங்க மோல்டு எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 9

முந்திரிப் பழத்துக்கு இரண்டாவது கோட் சிவப்பு. என்ன ஒரு அழகு!

பிப்ரவரி 12

உடையப்பனை ஃபைபரில் வார்த்து நிறுத்தினோம். ஆறு வருஷமாக என்னோடு அச்சு வேலை பார்க்கும் ஞானமணி பக்கத்தில் நின்று தன் இடப்பக்கச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தவர், சிலையைப் பார்த்தார்.

"ஏங்க்கா, இவருக்கு மட்டும் பை ஏன் சோத்தாங்கைப் பக்கம் இருக்கு?"

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். பை வலப்பக்கம்தான். செல்ஃபி! கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிய படம். வகிடு, ஏறின புருவம், கன்னத்து மச்சம் — எல்லாமே மாறிக் கிடக்கிறது. மகன் பார்த்துப் பழகியதும் இதே படத்தைத்தான். நாள் முழுக்க அச்சுக்குள் குனிந்து இடம் வலம் மாறிய முகங்களையே பார்க்கிற எனக்கும் உறைக்கவில்லை.

அடியே சிவரஞ்சனி, நாப்பது வருஷம் பாத்த மூஞ்சி அந்தம்மாவுக்குத் தெரியாதா? பெரிய இவ மாதிரி மகன்கிட்ட போய்க் கேட்டியே! வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 13

பையை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாமா என்று காலையில் ஒரு சபலம். யார் கேட்கப் போகிறார்கள்? அந்தம்மாவும் கேட்க மாட்டார். தினமும் அந்த யாரோ ஒருவரைத் தாண்டித் தோட்டத்துக்குள் போவார், அவ்வளவுதான். என்னால் முடியாது. போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப எனக்குப் புத்தி பெசகலதானே? பெத்த புள்ளையே சரின்னவும், எனக்குத்தான் அவரு மொகம் மறந்துபோச்சோன்னு ஒரு வாரமாத் தூங்கல தாயி."

போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு ஓட்டல்காரர் ரகுநாத்திடம் மயில்களுக்குப் பத்து நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

பிப்ரவரி 17

புதுக் களிமண். விரல்கள் பழைய பக்கத்துக்கே ஓடுகின்றன. இழுத்து வருகிறேன். வரும்.

பிப்ரவரி 21, வெள்ளி

அமுதவல்லி அம்மா வந்தார். களிமண்ணை மூடியிருந்த ஈரத்துணியை எடுத்தேன். பார்த்தார்.

"செத்த நேரம் அங்கிட்டு இருக்கீங்களா?"

நானும் ஞானமணியும் வெளியே வந்து நின்றோம். அப்புறம் உள்ளே திட்டு ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க வாங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன், கேட்டீங்களா? கடலைக்குத் தண்ணி கட்டணும்னு போனீங்களே..."

ஞானமணி என்னைப் பார்த்தார். "அப்ப மோல்டு எடுத்துறலாமாக்கா?"

"அவங்க பேசி முடிக்கட்டும்" என்றேன்.