பிரேமா பாடிய நாற்பது விநாடி

சங்கரன்கோவில்,
11.9.2025

மாப்பிள்ளை சுந்தரராஜுக்குச் சங்கரலிங்கம் எழுதுவது.

உன் மனைவி பிரேமலதா பாடியதை நாய் ஊளை என்று சொன்னவன் நான். சும்மா சொல்லவில்லை, குரல் பதிவாக்கி நம் பாட்டுக் குழுவில் பத்தொன்பது பேர் கேட்கப் போட்டேன். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை என்று உன் மகன் செல்வக்குமார் சொன்னான். தப்பு நடந்துவிட்டது என்று எழுதினால் அது தானாக நடந்த மாதிரி ஆகிவிடும். நான் செய்தேன்.

போனில் சொல்லலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். குழுவை விட்டும் போய்விட்டாய். அதனால்தான் தபால். கோயம்புத்தூர் முகவரியைக் கொடுக்க உன் மகன் தயங்கினான். நான் விடவில்லை.

திங்கட்கிழமை, பூட்டிக் கிடக்கும் உன் வீட்டிலிருந்து ஏதோ ஆஸ்பத்திரிச் சீட்டு எடுக்க வந்திருந்தான். நான் கடையில் ஒரு கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். “ஏலே மருமகனே, ஒங்கப்பன் எங்கல? நாலு வாரமா குழுவுல ஆளையே காணோம். பாட்டுல தோத்துப்போன கோவமா?” என்று கூப்பிட்டேன். அவன் சிரிக்கவில்லை. “மாமா, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மே மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்ததையும், வலது கையும் பேச்சும் போனதையும், மூன்று மாதம் ஒரு வார்த்தை வராமல் இருந்ததையும் என் கடை வாசலில் நின்றுதான் கேட்டேன்.

இங்கே என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதாகத்தானே சொல்லிவிட்டுப் போனாய்? ஞாயிறு தவறாமல் குழுவில் வந்து கேலி பேசினாயே, ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரார் வந்து உச்சுக் கொட்டுவார்கள் என்று பிரேமா பயந்தாளாம். நானா ஊரார்? இருபத்தாறு வருஷம் அவள் கையால் காப்பி குடித்தவன். இந்தக் கோபம் எனக்குப் போகாது. ஆனால் இதைக் காட்டி என் தப்பில் ஒரு துளியைக்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

குழுவில் ஆளுக்கொரு இசையமைப்பாளர் கட்சி; கோணப்பாட்டு விளையாட்டை ஆரம்பித்ததும் நான்தான். ஞாயிறு காலை பத்து மணிக்கு, எதிர்க்கட்சி இசையமைப்பாளரின் பாட்டை யாராவது வேண்டுமென்றே கோணலாகப் பாடிப் போட வேண்டும், எந்தப் பாட்டு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணாடிக் கடை அல் அமீன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவான். நீ வாயில் இட்லியை வைத்துக்கொண்டு என் ஆளின் மழைப் பாட்டைப் பாடினாயே, அன்று சிரித்த சிரிப்பில் எனக்குப் பல் செட்டே கழன்றுவிட்டது. டியூஷன் எடுக்கும் ரிஸானா, இப்போது வந்திருக்கும் அந்தப் பையனின் ரசிகை. அவனுக்கு எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல், நீ கோணலாக வேறு பாட வேண்டுமா என்று கேட்டேன். “அண்ணாச்சி, ஒங்க ஆளு பாட்டைக் கேட்டா எங்க வீட்டுப் பூனை தூங்கிருது” என்றாள். உன் ஆளின் தாளத்தை மிக்ஸியில் தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்ட சத்தம் என்று நான் சொல்லி வருகிறேன். அந்தக் கருத்தில் இன்றும் மாற்றமில்லை.

ஆகஸ்ட் மாதம் அந்த ஞாயிறும் பத்து மணிதான். உன் போனிலிருந்து நாற்பது விநாடிப் பதிவு வந்தது. மேலே கீழே ஒரு எழுத்து இல்லை. என் ஆளின் ஊஞ்சல் பாட்டு. நாக்கு தடித்து, சொல் பாதி விழுங்கி, ஒரு பெண் குரல். நீ முன்பும் பெண் குரலில் பாடியிருக்கிறாய். நீதான் என்று நினைத்தேன். “ஏ மாப்பிள்ளை, வாய்க்குள்ள சீயக்காயை அடைச்சிக்கிட்டா பாடுத? நாய் ஊளையிட்டாக்கூட சுருதியில நிக்கும். போதும், நிறுத்துல!” என்று அனுப்பினேன். நான் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அல் அமீனையும் ரிஸானாவையும் நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்று காலை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தபோது பிரேமா தானாகவே கூடச் சேர்ந்து பாடியதையும், மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அவையே என்பதையும் செல்வக்குமார் சொன்னான். பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு திரும்பி வரும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாளாமே. நீ சந்தோஷத்தில் பதிவு செய்து எல்லோருக்கும் விளக்கம் எழுதப் போனாயாம். பிரேமா உன் கையைப் பிடித்து நிறுத்தினாளாம். பாடியது யார் என்று அண்ணனே கண்டுபிடிக்கட்டும் என்று ஜாடை காட்டினாளாம். உன் வீட்டில் உன் கட்சியை விட்டு என் கட்சியில் இருந்தவள் அவள் ஒருத்திதான். எனக்காகத்தான் பாடியிருக்கிறாள். என் பதில் வந்ததும் அவளே போனைத் தொட்டுச் சத்தமாக வைத்துக் கேட்டாள் என்று சொல்லும்போது உன் மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அந்த நாற்பது விநாடியை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியவில்லை. எவரிடமும் படிக்காமல், காயில் சுற்றிக்கொண்டே ரேடியோ கேட்டுச் சங்கீதம் கற்றவன் என்று பெருமை பேசுகிறவன் நான். இரண்டாம் வரியில் மெட்டு மேலே ஏறித் திரும்பும் இடம் உனக்குத் தெரியும்; கை தேர்ந்தவர்களே அங்கே வழுக்குவார்கள். பிரேமா வழுக்கவில்லை. சொல்தான் உடைந்திருக்கிறது, சுருதி ஊசி முனையில் நிற்கிறது. சுருதி இல்லை என்று நான் சொன்னது பொய். கேட்கத் தெரியாதவன் சொன்ன பொய்.

இனி செய்ய வேண்டியவை.

கோணப்பாட்டை நான் நிறுத்திவிட்டேன். குழுவில் நடந்ததை உள்ளபடி எழுதி, தப்பு என்னுடையது என்று போட்டுவிட்டேன்.

சொற்கள் நிதானமாக வரும் பாட்டுகளாக அறுபது பொறுக்கி, அல் அமீன் பென் டிரைவில் ஏற்றித் தருவான். ரிஸானா அவற்றின் வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதுகிறாள். செல்வக்குமார் ஒரு நல்ல ஸ்பீக்கரை பிரேமாவின் கட்டிலுக்கு இடது பக்கம் வைக்க வேண்டும், அந்தக் கையால் அவளே போட்டு நிறுத்துகிற மாதிரி.

நீ இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படிக்க வேண்டும். எதையும் விடாதே, நாய் ஊளை என்று எழுதிய இடத்தையும் சேர்த்து. என்னை நீ மன்னிக்க வேண்டியதில்லை. பிளாக்கையும் எடுக்க வேண்டாம்.

நான் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை கோயம்புத்தூர் வந்து இறங்குவேன். வராதே என்று சொல்லி அனுப்பினாலும் வருவேன்.

பிரேமா என்னைத் திட்ட வேண்டும். வார்த்தையாக வராவிட்டால் ராகம் போட்டுத் திட்டட்டும். நான் வாசலிலேயே நிற்கிறேன். அவள் திட்டி முடிக்கிறவரை நீ என்னை உள்ளே கூப்பிடக் கூடாது.

இப்படிக்கு,
அவளுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்ளும்
சங்கரலிங்கம்